மக்காச்சோளக் கொல்லைக்குப் பின்னால் நாலு ஆடுகள்

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்திருந்த சமயம். குன்னத்துப் பக்கம் எங்கள் ஊருக்குக் கால்நடை டாக்டர் ஐஸ் பெட்டியோடு வந்து, ஆடுகளுக்கு இலவசத் தடுப்பூசி என்றார். இலவசம் என்றாலே எனக்கு ஆகாது. மாவட்டத்தையே பிரித்துச் சேர்த்து விளையாடுகிறவர்கள் ஊசிக்குள் எதை வைத்திருப்பார்களோ?

என்னிடம் ஏழு ஆடுகள். கொழுத்த நாலையும் மக்காச்சோளக் கொல்லைக்குப் பின்னால் கட்டிவிட்டு, கிழடு ஒன்று, நொண்டி ஒன்று, இளைத்த குட்டி ஒன்று என மூன்றை மட்டும் முன்னால் நிறுத்தினேன்.

"எத்தனை ஆடும்மா?" என்றார் டாக்டர்.

"மூணுதாங்க சார்."

மறுநாள் அந்த மூன்றும் உடம்பு சுட்டு, இரை எடுக்காமல் சுருண்டு கிடந்தன. "நான் சொல்லல?" என்று வீட்டுக்காரரிடம் எகிறினேன். இரண்டே நாளில் அவை எழுந்து மேயப் போனதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஐப்பசி மழையோடு ஊருக்குள் ஆட்டுக்கொல்லி நோய் வந்தது. ஒளித்து வைத்த நாலும் மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்தே ஒரு வாரத்தில் செத்தன. அதே பட்டியில், அதே தொட்டித் தண்ணீரைக் குடித்த மற்ற மூன்றுக்கும், நொண்டிக்குக்கூட, ஒரு தும்மல் இல்லை. அன்றைக்குச் சுட்ட அந்த உடம்பு நோயை எதிர்க்கக் கற்றுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத்தான் புத்தியில் ஏறவில்லை.

அடுத்த வருஷம் அதே டாக்டர் வந்தார். நான் நாலு ஆட்டை ஒளித்த கதை அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது.

"எத்தனை ஆடும்மா?"

"மூணுதாங்க சார்."

அவர் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு மக்காச்சோளக் கொல்லைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார்.