கையெழுத்துப் போடாதவன்

நோட்புர்கா ஆஸ்திரியாவில், மேல் ஆஸ்திரியா மாநிலத்தில், ஒரு பால் பண்ணையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுக்கையில் விழுந்த அம்மாவை ஒன்பது வருஷம் தூக்கிக் கழுவியதில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். அவ்வளவு பாடுபட்டவளுக்கு அதுகூட இருக்கக் கூடாதா என்ன?

தம்பி அல்ஃபோன்ஸ் இருபத்திரண்டு வயதில் கனடா போனவன். அம்மாவின் சாவுக்கு மலர்வளையம் அனுப்பினான், ஆள் வரவில்லை. ஆனாலும் குடும்பக் கல்லறையின் உரிமையை, ஒரே ஆண்பிள்ளை என்று அப்பா அவன் பெயரில்தான் எழுதிவைத்திருந்தார். பத்து வருஷத்துக்கு ஒருமுறை உரிமைக்காரர் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் கல்லைப் பெயர்த்துவிட்டு இடத்தை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். சனிக்கிழமை தவறாமல் அங்கே களை பிடுங்கித் தண்ணீர் ஊற்றியவளின் கையெழுத்து செல்லாதாம்.

தானும் ஒருநாள் அம்மா பக்கத்தில் படுக்கலாம் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். தம்பிக்கு மூன்று கடிதம் போட்டாள். பதிலே இல்லை. போன வசந்தத்தில் கல்லைப் பெயர்த்தார்கள். கல்லறைத் திருநாளன்று ஊரே குடும்பம் குடும்பமாய் நின்றபோது, விளக்கோடு போனவள் நிற்க இடமில்லாமல் வீடு திரும்பினாள். அன்றைக்கு மூண்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இந்த ஜூன் மாதம் அல்ஃபோன்ஸின் மகள் மெலனி வந்து இறங்கினாள். அப்பா படித்த பள்ளிக்கூடம், நீந்திய ஓடை, பிறந்த வீடு என்று ஒன்று விடாமல் படம் எடுத்தாள். நோட்புர்கா பல்லைக் கடித்துக்கொண்டு காப்பி ஊற்றினாள், ஆப்ரிகாட் கேக்கை வெட்டி வைத்தாள். மெலனி பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அப்பாவோட சாம்பல், அத்தை. பாட்டி பக்கத்துலயே வைக்கச் சொன்னார்."

நோட்புர்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். பெட்டியும் கையுமாய் அவளைக் கல்லறைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனாள். அந்த இடத்தில் யாரோ ஒரு குடும்பத்தின் புதுக் கருங்கல் நின்றது. நடந்ததை அங்கேயே சொன்னாள்.

மெலனி தலையைக் குனிந்துகொண்டாள். "மூணு கடிதமும் அப்பா மேசையில இருந்துச்சு. பிரிக்கவே இல்ல. ஊர்லருந்து வந்தா கெட்ட சேதியாத்தான் இருக்கும்னு பயம்."

நோட்புர்கா பெட்டியைப் பிடுங்கினாள்.

"ஒரு கையெழுத்துடா. அதைக்கூடப் போட முடியலையா? உனக்கும் இடமில்ல. எனக்கும் இல்லாமப் பண்ணிட்ட."

பெட்டியை மெலனியிடமே திருப்பித் தந்தாள்.

"நாலு மணிக்கு பஸ் இருக்கு. உங்கப்பனைக் கூட்டிட்டுப் போ."