சுண்ணாம்பு ஈரம் காயாத வீடு

மின்சார மீட்டரைக் குறித்துக்கொண்டு போக மாதம் ஒருமுறை ஒருவர் வருகிறார். திருப்பதியில் எங்கள் தெருவுக்கு கரண்ட் வந்து அதிக காலம் ஆகவில்லை என்பதால் அவருக்கு இங்கே நல்ல மரியாதை. வாசலில் நின்று, "இன்ட்டி யஜமானி எவரு?" என்று கேட்பார். வீட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று அர்த்தம். வேலைக்காகத் தெலுங்குப் பரீட்சை எழுதித் தேறியவள் நான். கேள்வி புரியாமல் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் ஒரு கணம் தலை தானாகப் பின்பக்கம் திரும்புகிறது, உள்ளிருந்து யாரோ ஒரு வீட்டுக்கார அம்மா சாவிக்கொத்தோடு வரப்போகிறாள் என்பதுபோல. பிறகுதான் "நேனே" என்கிறேன். நானேதான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொள்கிறார்.

நான் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். வேலூரில் ஆய்வுக்கூடப் பயிற்சி முடித்து, இங்கே அரசு ஆஸ்பத்திரியில் ரத்தமும் சளியும் பரிசோதிக்கும் வேலைக்கு வந்தேன். கணவர் தணிகாசலம் என் அத்தை மகன், அதே ஊர். ரேணிகுண்டாவில் ரயில்வேயில் பிட்டர். நாங்கள் வந்தபோது ஊரும் திருப்பதியும் ஒரே ஆந்திராவில் இருந்தன. எல்லைத் தீர்வுக்குப் பிறகு ஊர் மெட்ராஸ் ராஜ்ஜியத்துக்குப் போனது. நாங்கள் இங்கே நின்றுவிட்டோம். கப்பலேறிப் போனவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அரை நாள் பஸ் பயணத்தையெல்லாம் புலம்பெயர்வு என்பதா என்று கேட்பார்கள். அவர்களும் முதல் வீடு வாங்கியிருப்பார்கள். வாங்கிய பின்தான் எந்த ஊரில் வாங்கினோம் என்பது மெல்ல விளங்கும். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த வீட்டை வாங்குவதற்கு முன் ஒரு வாடகை வீட்டில் பின்கட்டில் இருந்தோம். வீட்டுக்கார அம்மா எட்டு மணிக்கு வாசலைப் பூட்டுவாள். வெளியாள் யாரும் இரவு தங்கக் கூடாது. புரட்டாசியில் எங்கள் ஊரிலிருந்து மஞ்சள் துணி உடுத்தி, கோவிந்தா போட்டுக்கொண்டு நடந்தே மலைக்கு வருவார்கள். எங்களைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்று பேசிவிட்டு, "பாவம், வாடக ஊடு, அதுங்க இன்னா பண்ணும்" என்று சொல்லிக்கொண்டு சத்திரத்துக்குப் போய்விடுவார்கள். நாங்கள் அந்த அம்மாவைத் திட்டாத நாளில்லை. வாடகையோடு சேர்த்து ஒரு நல்ல சாக்கையும் அவளிடம் வாங்கிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது தெரியவில்லை.

வீடு வாங்கலாம் என்று முடிவானதும் நான் வழக்கப்படி மாதக் கணக்கை எழுதிப் பார்த்தேன். விற்றவர் சித்தூரில் ஒரு வக்கீல் குமாஸ்தா. முன்பணம் போக மீதியை நாலு வருடத்துக்கு மாதத் தவணையாகக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் தேதிக்குள் பணம் சித்தூருக்குப் போய்விட வேண்டும். கடைசித் தவணைக்குப் பிறகே பத்திரம் பதிவாகும். அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால் ஒப்பந்தம் ரத்து, அதுவரை கட்டியதெல்லாம் வாடகைக் கணக்கு. இந்த ஷரத்தை நான் பலமுறை படித்தேன். வீட்டு வரி அரை வருடத்துக்கு ஒருமுறை வந்தாலும் அதை ஆறாகப் பிரித்து மாதாமாதம் எடுத்து வைத்தேன். கரண்டில், விளக்கே போடாவிட்டாலும் மீட்டருக்கு ஒரு தொகை உண்டு. அதை முதலில் எழுதிவிட்டுத்தான் யூனிட்டுக்கு எழுதினேன். குழாய் வரி, பால், விறகு, மண்ணெண்ணெய், சலவை, பத்திரிகை, கூரை ஓடு மாற்ற ஒரு சிறு ஒதுக்கீடு என்று ஒன்றும் விடவில்லை. அணா போய் நயா பைசா வந்த புதிது. பால்காரியின் கணக்கு அணாவிலும் என்னுடையது பைசாவிலுமாக இருந்ததால் அதில் வரும் நஷ்டத்துக்குக்கூட ஒரு வரி போட்டிருந்தேன். எல்லாம் போகப் பதினோரு ரூபாய் மிஞ்சியது. நிம்மதியாக இருந்தது.

வாங்கப்போகும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் சுப்பம்மா என்று ஒரு தெலுங்கு அம்மாள். மாதச் செலவு என்ன ஆகும் என்று அவளிடமும் விசாரித்தேன். சொல்லிவிட்டு, "மீ ஊள்ளோ எந்தமந்தி உன்னாரம்மா?" என்று கேட்டாள். உங்கள் ஊரில் எத்தனை பேர் என்கிறாள். நான் இங்கே குடிவரப்போகிறவர்களைத்தான் விசாரிக்கிறாள் என்று நினைத்து, இரண்டு பேர் என்றேன். சிரித்துவிட்டாள். "மீரு காது. மீ ஊரிவாள்ளு." நீங்கள் இல்லை, உங்கள் ஊர்க்காரர்கள். நூறு வீடு இருக்கும் என்றேன். "அம்மய்யோ" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிலருக்கு அடுத்தவர் ஊர்க்கதை கேட்பதில் ஆசை என்று நினைத்துக்கொண்டேன். ஏன் கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது, தேடாத கிருமி மைக்ராஸ்கோப்பில் தெரியாது என்பதைத்தான்.

ஊரில் இருந்து ஒரே ஓர் எதிர்ப்பு வந்தது, என் அப்பாவிடமிருந்து. எங்கள் பக்கத்தில் நைனா என்போம். ஊர் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று அவர் கூட்டத்துக்கெல்லாம் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. "கோடு எந்தப் பக்கம் போடுவாங்கன்னு யாருக்கும் தெரியல. நீ அங்க போயி ஊடு வாங்கிக்கினு நிக்கிற" என்றார். புதுமனைப் புகுவிழாவுக்கு அம்மாவை மட்டும் அனுப்பினார். தன் கால் அந்த வாசலை மிதிக்காது என்று சொல்லியனுப்பியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும். அதையும் மனதில் ஒரு செலவாக எழுதிக்கொண்டேன்.

புரட்டாசி பிறந்தது. முதல் வாரம் தணிகாசலத்தின் பெரியப்பா குடும்பம், ஒரு பூசணிக்காயோடும் கண்ணில் நீரோடும் வந்து இறங்கியது. "இனிமே சத்திரத்துல கெடக்கத் தேவயில்ல. நம்ம ஊடே கீது." எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொப்புளம் வெடித்த பாதங்களுக்கு உப்புப் போட்டு வெந்நீர் வைத்தேன், அடுத்த வேளைக்கு உலை வைத்தேன், இரவு முழுக்க விளக்கை எரியவிட்டேன். மலைக்குப் போய்த் திரும்பியவர்கள் இன்னொரு நாள் படுத்து எழுந்து போனார்கள். இரண்டாம் வாரம் இரண்டு கூட்டம். மூன்றாம் வாரம், எனக்கு முறை சொல்லவே தெரியாத ஒரு கூட்டம். அவர்கள் மடியில் முடிந்து வைத்திருந்த பணம் உண்டியலுக்கு நேர்ந்தது, தொடக்கூடாது. கோவிந்தா சொல்லி வாங்கிய அரிசி மலைக்குப் போக வேண்டியது, அதையும் தொடக்கூடாது. என் அரிசிப் பானையும் விறகும்தான் யாருக்கும் நேர்ந்துகொள்ளாதவை. யாரையும் குறை சொல்ல முடியாது. ஊரில் யார் வீட்டில் நாங்கள் சாப்பிடவில்லை?

ஐந்தாம் தேதி வந்தபோது தவணைப் பணத்தில் பாதிகூட இல்லை. தணிகாசலம் லீவு போட்டுவிட்டு சித்தூர் போய் நேரில் கேட்டார். விற்றவர் மரியாதையாகவே பேசினாராம், காபிகூட வரவழைத்தாராம். ஒருமுறை பரவாயில்லை, மறுமுறை என்னைக் கேட்காதீர்கள், ஒப்பந்தத்தைக் கேளுங்கள் என்றாராம். அடுத்த ஐந்தாம் தேதிக்குள் இரண்டு தவணை போய்ச் சேர வேண்டும். பாலைப் பாதியாக்கினேன். பத்திரிகையை நிறுத்தினேன். மாலையில் அரிக்கேன் விளக்கில் இருந்தோம். "கதவப் பூட்டிக்கினு ரேணிகுண்டா போயிடலாமா, ஒரு வாரத்துக்கு?" என்றார் தணிகாசலம். பாதி விளையாட்டு, பாதி நிஜம். புரட்டாசியில் இன்னும் ஒரு சனிக்கிழமை மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்லைடைப் பார்க்கிறபோதுகூடக் காது தெருப் பக்கம் கோவிந்தா கேட்கிறதா என்று நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை அந்தியில் கேட்டது. வாசலுக்கு வந்தேன். இருபது பேருக்குக் குறையாது. முன்னால், நெற்றி நிறைய நாமமும் மஞ்சள் வேட்டியுமாக, நைனா.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்தார், ஓட்டிலிருந்து படி வரைக்கும். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இதாம்பா நம்ம பொண்ணு ஊடு. கால அலம்பிக்கினு உள்ள வாங்க, பிகு பண்ணாதீங்க" என்றார். வாசலை மிதிக்க மாட்டேன் என்றவரின் குரலில் அப்படி ஒரு எடுப்பு. வழியெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே நடந்து வந்திருக்கிறார் என்று புரிந்தது.

"நைனா, இப்பிடிக் கொஞ்சம் வா" என்று குழாயடிக்குக் கூட்டிப் போனேன். வரிசையாகச் சொன்னேன்: ஷரத்து, தவறிய தவணை, வரப்போகும் தேதி, பானையில் இருக்கும் அரிசி. அவர் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புனா?"

"ஊடு பூடும் நைனா. கட்டுனதும் பூடும்."

"எத்தினி வருசம் கட்டணும்?"

"நாலு."

அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒருவர் ஏற்கனவே படியில் கால் வைத்திருந்தார்.

"யோவ், எறங்கு. உள்ள சுண்ணாம்பு அடிச்சிக்கினு கீறாங்களாம். செவுரு பூரா ஈரம். சத்திரத்துக்கு நடங்க."

திறந்த கதவு வழியே புகையேறிய சுவர் எல்லோருக்கும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. என் சித்தப்பா மகன் மட்டும் விடவில்லை. "புரட்டாசில யாருபா சுண்ணாம்பு அடிப்பாங்க? பொங்கலுக்குத்தான அடிப்பாங்க?"

"அது நம்ம பக்கம்டா. ஆந்திராவுல இப்பதான் அடிப்பாங்க. உனுக்கு இன்னா தெரியும்? நட."

ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஒருவரும் ஒன்றும் கேட்காமல், கோவிந்தா சொல்லிக்கொண்டு போனார்கள். நைனா கடைசியாகப் போனார். அன்றிரவு தன் ஊர்க்காரர்களோடு சத்திரத்தில் படுத்தார். அவருக்கு மட்டும் ஒரு பாய் போட என் வீட்டில் இடமும் அரிசியும் இருந்தன. அதை நானும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அவர் வந்திருக்க மாட்டார்.

இதையெல்லாம் சுப்பம்மா தன் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். தமிழ் அவளுக்குப் புரியாது. பெற்ற தகப்பனை வாசலோடு திருப்பி அனுப்பியவள் என்று முடிவு செய்து, கார்த்திகை வரை என்னோடு பேசவில்லை. அந்த ஐந்தாம் தேதிக்கு இரண்டு தவணையும் சித்தூர் போய்ச் சேர்ந்துவிட்டன. வெகுநாள் கழித்து என் பரீட்சைத் தெலுங்கில் அவளுக்கு நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்புடே அடிகேனு கதா?" என்றாள். அன்றைக்கே கேட்டேனே. அவள் வீட்டுக்கும் கடப்பைப் பக்கத்திலிருந்து ஊர்க்காரர்கள் வருகிறார்களாம். புரட்டாசிக்கென்று சித்திரையிலிருந்தே ஒரு பானையில் அரிசி சேர்ப்பாளாம். மலையடிவாரத்தில் வீடு வாங்குகிறவர்கள் பால், விறகு, கரண்டோடு சேர்த்து எழுதவேண்டிய செலவு அது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எத்தனை பேர் என்று மட்டும் கேட்பார்கள்.

அதன்பின் என் மாதக் கணக்கில் 'ஊர்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. பெரிய தொகை இல்லை. புரட்டாசியில் வாசலுக்கு வருகிறவர்களுக்கு மோரும் பானகமும் கொடுக்கும் அளவு. அவர்கள் வந்தார்கள், குடித்தார்கள், சத்திரத்துக்குப் போனார்கள். நைனா ஒவ்வொரு வருடமும் படிக்குக் கீழே நின்று, "இன்னாமா, இன்னும் சுண்ணாம்பு அடிச்சி முடியலியா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பார். "இல்ல நைனா" என்பேன். கூட்டம் சிரிக்கும். இதற்கிடையில் கோடு போட்டுவிட்டார்கள். ஊர் அவர் விரும்பிய பக்கம் போனது. அந்த வருடமும் வந்தார். என் வாசலில் நின்று மோரை மட்டும் கொஞ்சம் மெதுவாகக் குடித்தார்.

இந்த ஆவணியில் கடைசித் தவணை கட்டி, பத்திரம் பதிவானது. உடனே ஆள் பிடித்துச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். மழை வந்து வேலை தள்ளிப் போனதில், புரட்டாசி வெள்ளிக்கிழமை கூட்டம் வரும்போது நிஜமாகவே சுவர் ஈரமாக இருந்தது. நைனா கதவுக்குள் எட்டிப் பார்த்தார். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மெய்யாவே அடிச்சிட்டியா?"

"கட்டி முடிச்சிட்டேன் நைனா. உள்ள வா."

அவர் பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். தான் ஒரு படி ஏறினால் அத்தனை பேரும் ஏறுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த வேளைக்குப் பானையில் அரிசி இருந்தது. அடுத்தடுத்த வாரங்களுக்கு என்ன செய்வது என்று என் மனம் அப்போதே வகுக்கத் தொடங்கியிருந்தது. அது என் முகத்தில் தெரிந்ததோ என்னவோ.

"ஈரம் காயட்டும்மா. வர்ற வருசம் பாக்கலாம்" என்றார்.

படியில் உட்கார்ந்து, வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்து, பானகத்தைக் குடித்து முடித்தார். அவர் எழுந்து கூட்டத்தோடு நடந்தபோதுதான் பார்த்தேன். மஞ்சள் துண்டின் முதுகுப் பக்கத்தில் என் வீட்டுச் சுண்ணாம்பு, கை அகலத்துக்கு வெள்ளையாக. கூப்பிட்டுத் தட்டிவிட இரண்டடி எடுத்து வைத்தேன். பிறகு வாசலிலேயே நின்றுகொண்டேன். அது அவரோடு மலை ஏறி இறங்கி, பஸ்ஸேறி, மெட்ராஸ் ராஜ்ஜியத்துக்குப் போய்ச் சேரட்டும்.