நாமம் போட்ட சோமாஸ்

“ஏங்கண்ணு, உனக்கு வேற சோலியே இல்லியா? அன்னூர்ப் பாட்டி அன்னைக்கு என்னத்தைத் தின்னாங்கன்னு தெரிஞ்சு நீயென்ன பரிச்சையா எழுதப் போறே?”

பேத்தியை விரட்டித்தான் பார்த்தேன். நகரவில்லை. சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் எங்கள் மாடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குடியிருந்தாள். புருஷன் மில்லுக்கு மிஷின் மாட்ட வந்தவர். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷில் என் பெயரே எழுத்துக்கூட்டித்தான் வரும். இருந்தும் இரண்டு பேரும் கையாலேயே ஊர்க்கதை பேசுவோம்.

அவள் அம்மா ஊரில் பாஸ்டி என்று ஒன்று செய்வாளாம். நம் சோமாஸ் மாதிரிதான், ஆனால் உள்ளங்கை பெரிசு. உள்ளே தேங்காய்க்குப் பதில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும். அவளுக்கு அம்மா நினைப்பு வந்துவிட்டது. வந்ததுதான் வந்தது, புரட்டாசிச் சனிக்கிழமையாகப் பார்த்து வந்தது.

அப்போது நங்கை வந்து தங்கியிருந்தார். என் வீட்டுக்காரரின் அக்காவைத்தான் நங்கை என்போம்; நீ கேட்கிற அன்னூர்ப் பாட்டி அவர்தான். அன்னூரில் அவர் தோட்டத்துக் கிணறு வற்றிப்போய், போர் போடுவதாக இருந்தார். தண்ணீர் வரவேண்டும் என்று பெருமாளுக்கு வேண்டி, புரட்டாசி முழுக்கக் கறி தொடுவதில்லை என்று விரதம். அதனால் எங்களுக்கென்று அந்தப் பெண் வெறும் காய் வைத்துப் பாதி செய்தாள்.

வெந்து வர பேக்கரி அடுப்பு வேண்டுமே! தட்டத்தைத் தூக்கிக்கொண்டு முக்குப் பேக்கரிக்கு நான்தான் போனேன். கறி எது, காய் எது என்று தெரிய, காய் வைத்ததன் மேலெல்லாம் மாவைத் திரித்து நாமம் ஒட்டினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயந்திரம் வாங்கப் போனால், அத்தனைக்கும் நாமம்.

“பாதிக்கு மறந்துபோட்டீங்களாட்ட இருக்குதுங்கம்மா. நானே ஒட்டிப்போட்டேன்” என்றார் பேக்கரி மாஸ்டர். “சனிக்கிழமையும் அதுவுமா, ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்குப் போடாம உட்டா நல்லாருக்குமுங்களா?”

வீட்டுக்கு வந்து பிய்த்துப் பார்க்கலாம் என்றால், அந்தப் பெண் தட்டுகளோடு கீழே இறங்கி நிற்கிறாள். எதில் கறி என்று எப்படிக் கேட்பது? ஒன்றைக் காட்டி, “ம்மே?” என்றேன். அவள் சிரித்தாள். அடுத்ததைக் காட்டினேன். அவளும் சந்தோஷமாக, “ம்மே!” என்றாள். எதைக் காட்டினாலும் ம்மேதான்.

“ஏம்புள்ள, எதுக்கு ரெண்டு பேரும் ஆடாட்டக் கத்தறீங்க?” என்றபடி நங்கை ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டார்.

போர் வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. இவர் வாயில் என்ன இருக்கிறதோ!

நங்கை மெதுவாக மென்றார். “உருளைக்கிழங்கு இருக்குது. வெங்காயம் இருக்குது. நடுவுல மெத்து மெத்துன்னு என்ன புள்ள? மீல்மேக்கரா?”

“இருக்குமுங்க நங்கை.”

“இத்தன ருசியா மீல்மேக்கரை நீ ஒருநாளும் ஆக்கிப் போட்டதில்லியே!”

எதிரில் அந்தப் பெண் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நங்கை அவளை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை. முழுசையும் முடித்துவிட்டு, “இன்னொண்ணு வைய்யி” என்றார். நான் என்னுடையதைப் பிய்த்தேன். அதில் கேரட்டும் உருளைக்கிழங்கும்தான்.

அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஐப்பசியில் போர் போட்டார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வாயில் வைத்தால் உப்பு.

கறி வாசம் அன்றைக்கே வீதியெல்லாம் போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். “ஏனுங்க, விரதம் இருந்துமா உப்புத் தண்ணி? அன்னைக்கு உங்க நங்கை கறி எதாச்சு...?”

“அட, அவங்க தின்னது காயுங்க. கறி தின்னது நானு,” என்றேன். “நாமத்தைப் பார்த்துப் பெருமாளே குழம்பிப்போயி, தண்ணியையும் குடுத்து உப்பையும் போட்டுட்டாருங்க.”