வண்டிக்கு முடியலீங்க

அந்த வேனின் கிளட்ச் பெடல் இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது. மேலே இருந்த ரப்பர் போய் வருஷக்கணக்காகியிருந்தது. வெறும் இரும்பு. என் இடது செருப்பு பட்டுப் பட்டு நடுவில் பளபளவென்று தேய்ந்திருக்கும், ஓரத்தில் மட்டும் துரு. மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையில் பத்தொன்பது வருஷம் அந்த வேனை ஓட்டினேன். காலையில் மூட்டை ஏற்றினால் கொள்ளிடம் தாண்டி ஸ்ரீரங்கத்துக் கடைகளில் இறக்கிவிட்டு, காவிரி தாண்டி புத்தூர் வரை போய்த் திரும்புவேன். ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் கோயிலுக்கு வந்த கூட்டமும் வழிமறிக்கும். ஒரு நடைக்கு அந்தப் பெடலை எத்தனை தடவை மிதித்தேன் என்று எனக்கே தெரியாது. ஐந்து லட்சம் கிலோமீட்டர் தாண்டியதை மீட்டரில் பார்த்தேன். அதற்குப் பிறகு மீட்டர் நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை, அதுதான் என் கஷ்டம்.

முதலாளி கெட்டவர் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர், மூட்டை தூக்குபவரைக்கூட ஒருமையில் கூப்பிட்டதில்லை. என்னை "டிரைவரே" என்பார், கூடவே ஒரு "ங்க" சேர்த்துக்கொள்வார். திட்டுகிற முதலாளியாக இருந்திருந்தால் முதல் வருஷமே எதிர்த்துப் பேசி விஷயத்தை முடித்திருப்பேன். இவரிடம் வாயே வராது. என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தி முடியும்வரை நின்றவரிடம் எப்படிக் குரலை உயர்த்துவது?

டிரைவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் உடம்பைப் பற்றி முதலாளியிடம் பேசமாட்டோம். கண் மங்குகிறது, முதுகு பிடிக்கிறது என்று வாயைத் திறந்தால் அடுத்த மாதம் அந்தச் சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். அப்படி வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் வண்டியின் மேல் போட்டுத்தான் சொல்வோம். கண் சரியில்லை என்றால் லைட் சரியில்லை என்போம். என் இடது முட்டி வீங்கி, படி ஏற முடியாமல் போனபோது நானும் அதையேதான் செய்தேன். போய் நின்று, "வண்டிக்கு முடியலீங்க முதலாளி. கிளட்ச் ரொம்ப கனமா இருக்கு. இனிமே இத ஓட்டறது சரிப்படாது, புதுசு ஒண்ணு எடுத்துடலாம்" என்றேன். அவர் உடனே பாலக்கரை மெக்கானிக்குக்கு போன் போட்டார். வண்டிக்குப் புது கிளட்ச் பிளேட் வந்தது. இரண்டு மாதம் லேசாக இருந்தது, மூன்றாவது மாதம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

அதற்குப் பிறகு நான் ஓயாமல் கேட்டேன். அவரும் முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனியில் கேட்டால், "ஆடி பொறக்கப் போவுது, ஆடில யாராச்சும் வண்டி எடுப்பாங்களா?" என்பார். ஆவணியில் போய் நின்றால், "இப்பதானே ரேடியேட்டர் மாத்தினோம், அத போட்டுட்டு உடனே குடுத்துட்டா எப்படிங்க?" என்பார். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்து மாலை போட்டதும் அவர் மனசு இளகிவிடும். அன்றைக்கு அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. பிறகு மார்கழி வரும், மார்கழியில் புது வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. தை பிறந்தால் வண்டி ஓட்டத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்குகிற எஃப்.சி. வந்துவிடும். டிங்கரிங், பெயிண்ட், பிரேக் வேலை எல்லாம் முடித்து எஃப்.சி. வாங்கிய கையோடு, "ஒரு வருஷத்துக்கு கவலையில்ல டிரைவரே" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு வருஷம் இப்படியே போனது. அந்த நாலு வருஷத்தில் வண்டியில் மாற்றாத சாமான் கிடையாது. மாற்றாமல் இருந்தது என் முட்டி ஒன்றுதான்.

புத்தூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் முதலாளிக்குத் தெரியாமல் போனேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கிளட்ச் மிதிக்கறத விட்டுடுங்க. ஊசி போட்டு கொஞ்ச நாள் ஓட்டலாம். அப்பறம் முட்டிய மாத்தித்தான் ஆகணும்" என்றார். வெளியே வந்து என் வேனைப் பார்த்தபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். அடுத்த தடவை வண்டி வழியில் நின்றால் நான் கை வைக்கப் போவதில்லை. முதலாளி தன் கண்ணால் பார்க்கட்டும், அப்போதாவது புத்தி வரட்டும்.

கேட்டது மாதிரியே வாய்த்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு முதலாளியை அழைத்துப் போய்விட்டு, பட்டப்பகலில் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தோம். கொள்ளிடம் பாலத்தின் நடுவில் எஞ்சின் இரண்டு தடவை உதறிவிட்டு அணைந்தது. டீசல் குழாயில் காற்றுப் பிடித்திருக்கிறது, பில்டர் மேலே இருக்கும் கைப்பம்பை நாலு அழுத்து அழுத்தினால் எடுத்துவிடும். எனக்குத் தெரியும். ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "என்னன்னு தெரியலீங்க முதலாளி. அவ்வளவுதான் போலிருக்கு" என்றேன். பின்னால் பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. முதலாளி இறங்கினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் போய்க் கை கொடுத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டார்! அந்த வயதில், அந்த வெயிலில். கண்ணாடியில் அவருடைய நெற்றியும் கலைந்த திருநீறும் தெரிந்தது. என்னால் முழுசாக ஒரு நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. இறங்கிப் போய்ப் பம்பை அழுத்தினேன். வண்டி எடுத்துக்கொண்டது. அவர் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்து, "நா சொல்லல? உங்க கை பட்டா ஓடிடும்ங்க" என்றார். அப்போது எனக்கு வந்த கோபம் அவர் மேலா என் மேலா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முதலாளி போன வருஷம் காலமாகிவிட்டார். நான் இப்போது முட்டி மாற்றிக்கொண்டு, கியர் இல்லாத ஸ்கூட்டரில் போய்வருகிறேன். அந்த வேனைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. போட்டது நான்தான், ஏனென்றால் கடைசியில் அது என் பெயரில்தான் இருந்தது. அந்தக் கதையைச் சொன்னால் என் மனைவி இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

பாலத்துச் சம்பவம் நடந்த அடுத்த தையில், பொங்கல் முடிந்த வாரம், முதலாளி திடீரென்று புது வேன் எடுத்தார். காலையில் ஆலை வாசலில் அது வந்து நின்றபோது என்னால் நம்பவே முடியவில்லை. பூஜைக்கு முன்னால் நிழலில் நிறுத்தச் சொன்னார்கள், நான்தான் ஏறினேன். கிளட்சில் கால் வைத்தேன், வைத்ததுதான் தெரியும், தானாக உள்ளே போனது. வலி துளிகூட இல்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நானே எடுத்து வைத்தேன்.

சூடம் காட்டி முடிந்ததும் முதலாளி தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நடுவில் ஒரு சாவி. கையில் வாங்கின பிறகுதான் பார்த்தேன், பழைய சாவி. அந்த வளைந்த சாவியை எனக்குத் தெரியாதா? ஓரத்தில் பழைய வேன் கழுவி மாலை போட்டு நின்றிருந்தது. முதலாளி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார். "நாலு வருஷமா இவரு எங்கிட்ட வந்து, வண்டிக்கு முடியல, வண்டிக்கு முடியலன்னு கண்ணு கலங்கி நிப்பாரு. சொந்தப் புள்ளைக்குக்கூட அப்படி யாரும் வந்து நிக்கமாட்டாங்க. வண்டி மேல இவ்வளவு உசுரா இருக்கறவர்ட்டேந்து அத பிரிக்க எனக்கு மனசு வரல. புது வண்டிக்கு வேற ஆளு போட்டாச்சு. இது இனிமே அவரோடது. ஸ்ரீரங்கம் கடைங்களுக்கு நம்ம அரிசிய அவரே சொந்தமா ஏத்தட்டும். டிரைவரே, இன்னையிலேந்து நீங்க ஓனருங்க."

ஆலையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் நாலு வருஷம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார், அதில் நான் மட்டும் எங்கேயும் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு, தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் காலைத் தொடக் குனிந்தேன். எழுந்திருக்கும்போது முட்டி நிமிரவில்லை. பழைய வேனின் கதவைப் பிடித்துத்தான் நின்றேன். நொண்டி நொண்டி நான் ஏறுவதைப் பார்த்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

"கால்ல என்னங்க டிரைவரே?"

"ஒண்ணுமில்லீங்க முதலாளி, மரத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டு, கிளட்சை மிதித்தேன்.