ஈர மணலில் விரித்த ஜமுக்காளம்

தூத்துக்குடிக் கடற்கரைப் பூங்காவுக்குப் போகலாம் என்றது நான்தான். ராணுவத்தில் இருக்கும் என் கணவர் விடுமுறை முடிந்து போய் ஒன்பது மாதமாகியிருந்தது. செல்போனில் அவர் முகம் தெரிந்தாலே இரண்டரை வயது மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். "அப்பா சொல்லு" என்றால் அழுகை. அவர் சிரித்துவிட்டு வைத்துவிடுவார். கடலைப் பார்த்த சந்தோஷத்தில் ஒரு வார்த்தையாவது பேசுவாள் என்று நினைத்தேன். நாலு மணிக்கு வீடியோவில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேனில் அவருடைய அக்கா குடும்பத்தோடு போனோம். அவர்கள் பிள்ளைகளைச் சறுக்கு மரத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

"நீயும் வாயேன்ட்டி" என்றார் மதினி.

"போன் வரும் மதினி" என்று நின்றுகொண்டேன். போயிருக்கலாமோ என்று உடனே தோன்றியது.

சாப்பிடுவதற்குப் போட்டிருந்த நிழற்கூரைகளின் கீழ் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் போய் இடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. மகளோடு கடற்கரைக்கு இறங்கினேன். காய்ந்த மணல் சோற்றில் விழும். தண்ணீரை ஒட்டி மணல் ஈரமாக, தரை போல இறுகிக் கிடந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிளவக்கல் அணைக்குப் போனால் நாங்கள் கரையோரம்தான் உட்காருவோம். இங்கும் அப்படியே ஜமுக்காளத்தை விரித்து, எலுமிச்சைச் சோற்றுத் தூக்கில் போனைச் சாய்த்து வைத்தேன்.

நாலு மணிக்குச் சரியாக வந்தார். மகள் குப்புறக் கவிழ்ந்துகொண்டாள்.

"விடு, அழ வைக்காத" என்றார்.

அப்போதுதான் அலை ஏறி வந்தது. நான் பாய்ந்து போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் மகளைப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள், இடுப்பு வரை தண்ணீர். தூக்கு உருண்டு போய்க்கொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

அவள் அழவில்லை. திரும்பிப் போகும் தண்ணீரைக் காட்டி, போனைப் பார்த்துக் கத்தினாள்: "அப்பா! தண்ணி வந்துச்சு!"

அவர் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு, "எம்புட்டுத் தண்ணி தாயி?" என்றார்.

"இம்புட்டு!"

பத்து நிமிடம் பேசினார்கள். கை வலிக்க வலிக்கப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அலை வந்தபோது என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. நான் போனைப் பறித்த வேகத்தில் அவருக்கு வானம் மட்டும் தெரிந்திருக்கும். நானும் சொல்லவில்லை.

மதினி ஓடிவந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி, இதென்ன பிளவக்கல் டேமா? கடலு நம்ம மடிக்கே வரும்ட்டி. போனு நனையலையே?"

"நனையல மதினி."

"நல்லவேளை" என்று மகளுக்கு உடை மாற்றத் தூக்கிக்கொண்டு போனார். அவர் தோளுக்கு மேலாக அவள் இன்னும் "அப்பா, தண்ணி" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

நனைந்த ஜமுக்காளத்தைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை முறுக்கினேன். பாதித் தண்ணீர்கூட வடியவில்லை.