ஏத்தம்பழம் கறையா, தேய்மானமா?

கார் விற்கிறவர்களுக்கு ஒரே பயம்தான், விற்காமல் போய்விடுமோ என்று. லீசுக்குக் கொடுக்கிறவர்களுக்கு இரண்டு பயம், கார் வெளியே போகாதோ என்று ஒன்று, போனால் எந்தக் கோலத்தில் திரும்பி வருமோ என்று இன்னொன்று.

எனக்கு இவை போதாதென்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு: மேனேஜர். நாகர்கோவிலுக்கு வெளியே, கண்ணாடி போட்ட சொகுசுக் கார் ஷோரூமில் லீஸ் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். கான்வென்ட்டில் படித்தவள். யாராவது குரலை உயர்த்தினால் கால் தானாக எழுந்து நிற்கும், வாய் தானாக மன்னிப்புக் கேட்கும். சேர்ந்த அன்றே, பெரிய மீசை வைத்த மேனேஜரைப் பார்த்து "சாரி சிஸ்டர்" என்று சொன்னவள் நான். தகுதிகாண் காலம் முடிவதற்குள் ஒரு லீசாவது கையெழுத்தாகவில்லை என்றால் மதுரைக் கிளைக்கு மாற்றிவிடுவேன் என்று அன்றே அவர் சொல்லிவிட்டார். என் மகள் மின்னுவுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. அவளுடைய அப்பா கத்தாரில். பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது என் அம்மா. மதுரை என்றால் யாரோடு போவது, யாரை விட்டுப் போவது? வீட்டில் குழந்தைக்கும் ஆபீசில் மேனேஜருக்கும் பயந்து பிழைக்கிற தோழிகளே, மின்னு தூங்கிவிட்டாள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஒத்தி

முதலில் வந்தவர் கருங்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறவர். "லீசுக்கு உண்டுமா?" என்று கேட்டதும் சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். காபி வரவழைத்தேன். அவர் மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் தருவதாகச் சொன்னார். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நம் ஊரில் லீசுக்கு வீடு என்றால் ஒத்திதானே? மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இருந்துவிட்டு, காலி செய்யும்போது கொடுத்த பணத்தை முழுசாகத் திருப்பி வாங்கிக்கொள்வது.

"இல்ல சார், மாசாமாசம் கட்டணும். மூணு வருஷம் கழிச்சு வண்டிய எங்களுக்கே திருப்பித் தந்துரணும்."

"தந்தா எனக்கு என்ன தருவிய?"

"நன்றி சொல்லுவோம் சார்" என்றேன்.

அவர் காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்தார். "மக்ளே, இது லீசு இல்ல. வாடகைக்கு நீங்க கோட்டு மாட்டி விட்டுருக்கிய, அவ்வளவுதான்."

மாப்பிள்ளைக்கு உள்ள கார்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் தோட்டக்காரர் வந்தார். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் காரின் படத்தையே போனில் அனுப்பியிருந்தார்கள், நிறம் உட்பட. வரதட்சணைக் காரை லீசில் எடுக்க வந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். மாதத் தொகையில் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இலவசமாக ஒரு கால்மிதிகூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இடையில் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்?

"அபராதம் உண்டு சார்" என்றேன் பயந்துகொண்டே. கேட்பதற்கு முன்னாலேயே பாதகமான விஷயங்களைச் சொல்லிவிடுவதுதான் என் வியாதி என்று மேனேஜர் அடிக்கடி சொல்வார். அந்த நேரம் பார்த்து அவரும் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "சார், மூணு வருஷம் முடிஞ்சதும் திருப்பிக் கேட்டா உங்க மாப்பிள்ளை வருத்தப்பட மாட்டாரா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

தோட்டக்காரர் சிரித்தார். "பய நல்லவனா இருந்தா இத சொந்தமாவே வாங்கிக் குடுப்பேன். இல்லேன்னா வண்டியயும் அவனயும் ஒண்ணா இங்க கொண்டு விட்டுருவேன், மீசைக்காரரே, அவன நீரு பாத்துக்கிடும்."

இந்தப் பேச்சு எப்படியோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கார் போகவில்லை. கல்யாணமும் நடக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

டெஸ்ட் டிரைவ்

அடுத்தது ஒரு டாக்டரின் தம்பி. மனைவியோடு வந்தார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்கள் டிரைவர் ஓட்ட, நான் முன்னால் உட்கார்ந்து மெஷின் மாதிரி வசதிகளை ஒப்பித்துக்கொண்டு போனேன். "கொஞ்ச தூரம் ஓடட்டு" என்றார் வந்தவர். வழியில் அவருடைய மாமியாரும் மச்சினனும் ஏறிக்கொண்டார்கள். மாமியார் கையில் எண்ணெய்க் குப்பியும் துண்டும் இருந்தன. அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. வண்டி திற்பரப்பு அருவிக்குப் போய் நின்ற பிறகுதான் புரிந்தது.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்தோடு நால்வரும் வந்து ஏறினார்கள். பால் வெள்ளைத் தோல் சீட். நான் கிட்டத்தட்ட அழுதுகொண்டே, "சார், சீட் நனையுதே" என்றேன்.

அவர் தலையைத் துவட்டியபடி சொன்னார்: "மூணு வருஷத்துக்கு எடுக்குத வண்டியாக்கும். நனைஞ்சா என்ன ஆகும்னு பாக்காண்டாமா?"

முதல் கறை

கடியப்பட்டணத்து மீன் வியாபாரி ஒருவர் வரத் தொடங்கியபோதுதான் எனக்கு உயிர் வந்தது. ஏற்றுமதி செய்கிறவர், வீடு நிறையப் பேரப்பிள்ளைகள். மாதத் தொகை, கிலோமீட்டர் வரம்பு, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் மீன் ஏலத்தில் நிற்பது மாதிரி நின்று பேசி முடித்தார். ஒரே வரியில்தான் மாட்டிக்கொண்டது: 'சாதாரணத் தேய்மானம் தவிர மற்றவற்றுக்கு வாடிக்கையாளரே பொறுப்பு.'

"கால்ல மணல் வந்தா?" "சாதாரணம், சார்." "உப்புக் காத்து?" "சாதாரணம்." "பேரன் சாப்பிட்டதச் சீட்டுல கொட்டினா?" நான் பக்கத்தில் நின்ற மேனேஜரைப் பார்த்தேன். அவர் புன்னகையோடு சொன்னார்: "அதெல்லாம் வண்டியத் திருப்பி எடுக்கும்போது கம்பெனி பார்த்து முடிவு பண்ணும் சார்."

வியாபாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். "அப்ப நீங்க சொல்லுகதுதான் கறைன்னா, நான் இப்ப போடுத கையெழுத்துதான் முதல் கறை."

ஏத்தம்பழம்

என் கெடு முடிகிற நாள். அம்மாவுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் மின்னுவைத் தூக்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். வரவேற்பில் இருக்கும் செல்வி அக்கா, "நீ போடி, நான் பாத்துக்கிடுதேன்" என்று அவளை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து, கையில் ஒரு ஏத்தம்பழத்தையும் (நேந்திரம்பழத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர்) கொடுத்தாள். அப்போது பார்த்து வியாபாரி வந்தார். கடைசியாக ஒருதடவை சீட்டைப் பார்க்க வேண்டுமாம். மேனேஜர் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன்.

துடைப்பதற்காகக் கதவைத் திறந்து வைத்திருந்த காரின் பின்சீட்டில் மின்னு உட்கார்ந்திருந்தாள். பழம் பாதி வாயில், மீதி பால் வெள்ளைத் தோலில், இரண்டு கையாலும் சமமாகத் தேய்க்கப்பட்டு. என்னைப் பார்த்ததும், "அம்மா!" என்று கூப்பிட்டு யார் பிள்ளை என்பதையும் உறுதி செய்தாள்.

நான் நேராக நின்று, "சாரி சிஸ்டர்" என்றேன்.

மேனேஜரின் மீசை துடித்தது. மதுரை பஸ் ஸ்டாண்ட் என் கண்முன்னால் வந்து நின்றது. வியாபாரி மட்டும் குனிந்து, ஒரு விரலால் சீட்டைத் தொட்டு, சாந்தமாகக் கேட்டார்: "சார், இப்ப சொல்லும். இது கறையா, தேய்மானமா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். வியாபாரியின் பையில் இருந்த பேனாவைப் பார்த்தார். மாசக் கடைசி விற்பனைக் கணக்கு அவருக்கும் உண்டுதானே. "ஈரத்துணியால துடைச்சா போயிரும் சார்" என்றார் மெதுவாக. "சாதாரணத் தேய்மானம்தான்."

"அத அப்படியே எழுதும்."

என்னை எழுதச் சொன்னார். 'குழந்தைகளால் ஏற்படும் உணவுக் கறை சாதாரணத் தேய்மானமாகக் கொள்ளப்படும்' என்று நான் தட்டச்சு செய்யும்போது மின்னு என் மடியில் உட்கார்ந்து விசைப்பலகைக்கும் கொஞ்சம் பழம் ஊட்டினாள். வியாபாரி கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் கன்னத்தைக் கிள்ளினார். "ஏத்தம்பழம் எழுதியாச்சு. நெத்திலிக் கொழம்ப அடுத்த லீசுல பேசிக்கிடலாம், மக்ளே."

மதுரைக்குப் போக வேண்டாம் என்று ஆகிவிட்டது, வேலையும் நிரந்தரமாகிவிட்டது. ஆனால் இத்தனை மாதம் பயந்து பயந்து நான் தேய்ந்துபோனதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யோசித்துப் பார்த்தால், அதுவும் சாதாரணத் தேய்மானம்தான் போலிருக்கிறது.