ஐந்தாம் ஸ்தலத்தில் நின்றுபோன வாசிப்பு

எழுபதுகளின் நடுவில் நான் கோவளத்தில் மாதா கோவில் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பு ஆசிரியர். சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம். வேலைக்காகக் கடற்கரைக்கு வந்து, மீனவர் தெருவின் கடைசியில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், என் மனைவி, எட்டு வயது மகள், பத்து மாத மகன்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்த வாரத்தில் என் மனைவி இருமியபோது ரத்தம் வந்தது. செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனேன். படம் எடுத்துப் பார்த்து, காசநோய் என்றார்கள். பல மாதம் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும், குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது என்றார் டாக்டர். அவள் மகனை என் கையில் கொடுத்துவிட்டு, சேலையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வார்டுக்குள் போனாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டேன். அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள். இதையே எல்லோரிடமும் சொன்னேன். அந்த நோயின் பெயரைக் கேட்டாலே ஜனங்கள் ஒதுங்கிய காலம் அது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், என் பிள்ளைகளோடு யாரும் தங்கள் பிள்ளைகளைச் சேர விடமாட்டார்கள் என்று பயந்தேன். பத்து மாதக் கைக்குழந்தையை விட்டுவிட்டு எந்தத் தாய் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பொய் சொன்னவன் உதவி கேட்க முடியாது. யாராவது வீட்டுக்குள் வந்தால் கேள்வி வரும். அதனால் எல்லாவற்றையும் நானே செய்தேன். விடியுமுன் தண்ணீர் எடுத்து, துணி துவைத்து, கஞ்சி வைத்து, மகனுக்குப் பால் காய்ச்சுவேன். பிறகு மகளிடம் அவனை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். ஆமாம், அவள் பள்ளிக்கு வரவில்லை. என் வகுப்பிலேயே படித்த பிள்ளை. தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, அவள் பெயர் வரும்போது மட்டும் சத்தம் போடாமல் தாண்டிப் போவேன். ஊர்ப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்கு இழுத்து வந்த வாத்தியார் நான்தான்.

சனிக்கிழமைகளில் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மகள் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே என் மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருப்பாள். கொண்டுபோன சாப்பாட்டைத் தொடமாட்டாள். "எதுக்குங்க? நான் நல்லாயி வந்தா மட்டும் அந்தத் தெருவுல என்னைச் சேத்துப்பாங்களா?" என்றாள் ஒருநாள்.

ஜெபம் செய்வதை நிறுத்திவிட்டேன். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. களைப்பு. முழங்காலில் நின்றால் அப்படியே தூங்கிவிடுவேன்.

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் கோவிலைச் சுற்றி மணலில், ஆண்டவர் சிலுவை சுமந்த வழியை நினைத்து ஸ்தலம் ஸ்தலமாக நின்று ஜெபிக்கிற சிலுவைப்பாதை நடக்கும். பதினான்கு ஸ்தலங்களின் வாசகத்தையும் உரக்க வாசிப்பது என் பொறுப்பு. மூன்றாவது வெள்ளியன்று மகனுக்குக் காய்ச்சல். மகளிடம் விட்டுவர மனமில்லாமல் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் புத்தகத்தைப் பிடித்து வாசித்தேன். நான்கு ஸ்தலம் முடிந்தது. ஐந்தாவது, சிலுவையைச் சுமக்க முடியாமல் ஆண்டவர் தள்ளாடும்போது, வழியில் வந்த ஒருவன் தோள் கொடுக்கிற இடம்.

முதல் வரியை வாசித்தேன். இரண்டாவது வரி வரவில்லை. எழுத்துகள் தெரிந்தன, குரல்தான் எழும்பவில்லை. சாமியார் என்னைப் பார்த்தார்.

அப்போது கூட்டத்திலிருந்து ஓர் அக்கா முன்னால் வந்தார். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருந்தவர், கருவாட்டுக் கூடையோடு செங்கல்பட்டுச் சந்தைக்குப் போய் வருகிறவர். என் இடுப்பிலிருந்து குழந்தையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். நான் பதறிப்போய், "வேணாம்க்கா, குடுங்க, நானே வச்சிக்கிறேன்" என்றேன்.

"இன்னா வாத்தியாரே, ஆண்டவரே வோணான்னு சொல்லலியே? அந்தாளு தோளு குடுத்தப்போ வாங்கிகினாரு. நீ இன்னா, அவரவிடப் பெரிய ஆளா?"

அதோடு நான் உடைந்துபோனேன். அத்தனை பேர் முன்னாலும், புத்தகத்தை மூடிக்கொண்டு சொன்னேன்: "என் சம்சாரம் அவங்க அம்மா வீட்டுக்குப் போகல. அவளுக்குக் காசநோய். ஆஸ்பத்திரியில இருக்கா. இவ்வளவு நாளா நான் பொய் சொல்லிட்டேன்."

அக்கா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அத்தச் சொல்றதுக்கா இம்மாம் பாடு? எங்களுக்கு எப்பவோ தெரியுமே. ஆஸ்பத்திரி வாசல்ல உன் புள்ளைங்க ரெண்டும் குந்திகினு இருந்ததப் பஸ்ல போறப்போ பாத்துட்டேன். புள்ளைங்கள உள்ள உடாத நோவு இன்னான்னு தெரியாதா? நீயா சொல்றவரைக்கும் கம்முனு இருப்போம்னு இருந்தோம். நீ வாயத் தொறக்கிற ஆளா தெரியல. அதான் புள்ளைய நானே புடுங்கிகினேன்."

சாமியார் மெல்ல, "படிங்க சார்" என்றார். ஐந்தாவதின் மீதியையும் அடுத்த ஒன்பது ஸ்தலங்களையும் அழுதுகொண்டே, ஆனால் உரக்க வாசித்தேன். ஒரு கை சும்மா இருந்தது எனக்கே விநோதமாக இருந்தது.

எல்லோரும் ஒரேமாதிரி இருந்துவிடவில்லை. எதிர்வீட்டில் சில மாதம் பிள்ளைகளை எங்கள் பக்கம் விடவில்லை. அவர்கள் பயம் அவர்களுக்கு. நான் மிகவும் பயந்த வீட்டுக்காரரோ மறுநாள் காலையில் சுண்ணாம்பு வாளியோடு வந்து நின்றார். "வூட்ட ஒருவாட்டி வெள்ள அடிச்சிடலாம் சார். ஜன்னலத் தொறந்து வையி, காத்து வரட்டும்" என்றார்.

திங்கட்கிழமை என் மகள் பள்ளிக்கு வந்தாள். தம்பியை அக்காவின் மருமகள் வைத்துக்கொண்டாள். என் மகளின் தலைதான் தேங்காய் நார் மாதிரி கிடந்தது. அன்று மாலை அக்காவின் கணவர் ஒரு கயிற்றுத் துண்டைப் பிரித்து, மூன்று பிரியாக என் கையில் கொடுத்தார். "வலைக்கயிறுன்னு நெனச்சிக்கோ சார். இத்த இதுக்கு மேல போடு. இளுத்துப் புடி. ஆங், அப்பிடித்தான்." ஒரு வாரத்தில் சடை பின்னக் கற்றுக்கொண்டேன். "அப்பா, வலிக்குது, இது படகு கட்ற கயிறு இல்ல" என்று மகள் கத்துவாள். அந்தத் திங்கட்கிழமை பதிவேட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது, "உள்ளேன் ஐயா" என்று வகுப்பே அதிரச் சொன்னாள். முழு ஆண்டுத் தேர்வில் தேறினாள்.

அடுத்த சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகப் போகவில்லை. அக்காவும் கூடையோடு வந்து இறங்கி, நேரே வார்டு வாசலில் நின்றார். "ஏம்மா, இன்னாத்துக்குச் செவுத்தப் பாத்துகினு கீற? இங்க திரும்பு. மீன் கொளம்பு எடுத்தாந்துகீறேன். துன்னலன்னா நான் போவ மாட்டேன்."

என் மனைவி திரும்பினாள். அவள் முதலில் கேட்டது, "தெருவுல எல்லாருக்கும் தெரியுமா?" என்பதுதான்.

"நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். எப்ப வருவேன்னு கேட்டுகினே கீறாங்கோ."

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு சாப்பிட்டாள். மருந்து அவள் உடம்பில் பிடிக்கத் தொடங்கியது அந்த வாரத்திலிருந்துதான் என்று இன்றும் நம்புகிறேன். டாக்டர் வேறு காரணம் சொல்லக்கூடும்.

பிள்ளைகளைச் சுமந்து களைத்துப்போன தகப்பனோ தாயோ யாராவது இதைப் படித்தால், ஒன்று சொல்ல ஆசை. எனக்கு வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. ஆண்டவர் கருவாட்டு வாசனை அடிக்கிற இரண்டு கைகளைத்தான் அனுப்பினார். நான் பொய் சொல்லிக் கதவைச் சாத்தி வைத்திருந்ததால், அந்தக் கைகள் இரண்டு மாதம் வெளியே காத்திருந்தன. அவ்வளவுதான்.

ஐப்பசி மழை தொடங்கிய நாளில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். நெஞ்சுப் படம் சுத்தம், இனிப் பயமில்லை, மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்றார்கள். கோவளத்தில் பஸ் நின்றபோது தெருவில் பாதிப் பேர் மழையில் குடை பிடித்து நின்றார்கள். அக்காவின் கையில் என் மகன். இப்போது நடக்கிறவன், பேசுகிறவன். என் மனைவி அவனைப் பார்த்ததும் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். ஒன்பது மாதமாகத் தொடாதே என்று கேட்டுக் கேட்டுப் பழகியவள்.

"புடி. உன் புள்ளதானே? டாக்டரே சொல்லிட்டாரு இல்ல?" என்று அக்கா அவனை அவள் கையில் திணித்தார். அவன் வீறிட்டு அழுது அக்காவிடமே தாவினான். என் மனைவியின் முகம் வாடிவிட்டது. மூன்று நாள் அப்படித்தான். நான்காம் நாள் மத்தியானம் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால், அவள் மார்மேல் படுத்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் அசையப் பயந்து, கை மரத்துப்போய், கண்ணால் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் காலைப் பூசைக்கு நடந்து போனோம். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில், அக்காவுக்கு அருகில் அவள் நின்றாள். நன்றிப் பாட்டைத் தொடங்கினார்கள். என் மனைவியின் குரல் எல்லோருக்கும் மேலே எழும்பியது. ஆறு சரணங்கள் கொண்ட நீளமான பாட்டு. கடைசி அடிவரை மூச்சு வாங்காமல், ஒருமுறைகூட இருமாமல் பாடி முடித்தாள்.